அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம்



தலைப்பைப் பார்த்துவிட்டு, புவி வெப்பமாவதைப் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்றைய பேச்சு பீரைப் பற்றியது. இங்கிலாந்தில் ‘பிட்டர்’ என்று ஒரு பீர் உண்டு. அதைக் கடையில் வாங்காமல், தங்கள் வீட்டு அடுப்படியிலேயே பார்லி தானியத்திலிருந்து காய்ச்சி எடுக்கிறவர்கள் அந்த நாட்டில் ஏராளம். அவர்கள் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். குடிப்பதைப் பற்றிச் சொல்ல இதில் அதிகம் இல்லை. பாதி சமையல் கதை, மீதி வரிக் கதை.

நம் ஊரில் பீர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘கூலிங் இருக்கா?’ என்றுதான். பிட்டரிடம் அந்தக் கேள்வி எடுபடாது. அதை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் குடிப்பார்கள். ஜில்லென்று பல் கூசாது. நுரை பொங்கி வழியாது, நாக்கில் குத்தும் காற்றும் குறைவு. பால் சேர்க்காத டீயைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். போதையும் மட்டானதுதான்: சாதாரண பிட்டரில் ஆல்கஹால் 3.2 முதல் 3.9 விழுக்காடு. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும், ஆனால் எழுந்து நடக்கும்போது கால் பின்னக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஏற்ற அளவு.

‘பிட்டர்’ என்றால் கசப்பு, அவ்வளவே. இந்தப் பெயரை ஆலைக்காரர்கள் வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ‘பேல் ஏல்’, அதாவது வெளிர் நிற ஏல் வகை பீர், என்றுதான் எழுதிவந்தார்கள். ‘மைல்ட்’ என்ற இனிப்பான ஏலும் அதே பப்பில் கிடைத்ததால், இது வேண்டும் என்பவர்கள் ‘ஒரு பிட்டர் கொடு’ என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டே பெயர் நிலைத்தது. கசப்பு என்றதும் பாகற்காயை நினைக்க வேண்டாம். டிகாக்‌ஷன் ஒரு பிடி தூக்கலாக இறங்கிய பில்டர் காபியில், குடித்து முடித்த பிறகும் அடிநாக்கில் ஒன்று நிற்கும். அந்த அளவு.

இனி அடுப்படிக்குப் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மான்செஸ்டரிலோ நார்விச்சிலோ ஒரு சாதாரண வீடு. மேசை மீது 3 கிலோ 600 கிராம் வெளிர் மால்ட், 200 கிராம் கிரிஸ்டல் மால்ட். இரண்டும் உடைத்தவை. மாவாக அரைத்துவிடக் கூடாது. உமி கிழியாமல், உள்ளே இருக்கும் பருப்பு மட்டும் மூன்று நான்காக உடைய வேண்டும். பிறகு சாறு வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை. உமியை இழந்தவருக்குக் கடைசியில் கிடைப்பது கூழ்.

மால்ட் என்பது நமக்கு அந்நியமான பொருள் அல்ல. முளைகட்டி, அந்த முளை நீள்வதற்குள் உலர்த்திய தானியம். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் நிழலில் காயவைத்து அரைக்கும் பாட்டிமார் செய்வதும் இதுதான். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் வார்மின்ஸ்டர் என்ற ஊரில் இன்றும் பழைய முறையில் மால்ட் தயாரிக்கிறார்கள். ஊறிய பார்லியைப் பெரிய தளத்தில் நெல் காயப்போடுவது போலப் பரப்பி, சூடேறிவிடாமல் நாள்தோறும் கிளறிக் கொடுத்து, உரிய நாளில் சூளைக்கு அனுப்புகிறார்கள். கிரிஸ்டல் மால்ட்டின் சங்கதி வேறு. ஈரம் போகாமல் தானியத்தைச் சூடுபடுத்துவார்கள். உள்ளிருக்கும் மாவு தோலுக்குள்ளேயே சர்க்கரையாகி, பிறகு வறுபடும்போது பாகாக இறுகிவிடும். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், கமர்கட்டு. பிட்டரின் செம்பு நிறமும், கசப்புக்கு அடியில் மறைந்திருக்கும் இனிப்பும் இந்த 200 கிராமின் வேலை.

வெளிர் மால்ட்டில் பலரும் தேடி வாங்குவது ‘மாரிஸ் ஆட்டர்’ என்ற பார்லி ரகத்தின் மால்ட். கேம்பிரிட்ஜ் அருகே டிரம்பிங்டனில், மாரிஸ் லேன் என்ற தெருவில் இருந்த பயிர்ப் பெருக்க நிலையத்தில் 1960களில் உருவான ரகம் அது. அங்கே பிறந்த ரகங்களின் பெயரில் தெருவின் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் மீனோடு பொரித்துத் தரும் சிப்ஸுக்குப் பேர்போன மாரிஸ் பைப்பர் உருளைக்கிழங்கும் அந்தத் தெருப் பிள்ளைதான். மாரிஸ் ஆட்டருக்கு விளைச்சல் குறைவு. புதிய ரகங்கள் ஏக்கருக்குக் கூடுதல் மூட்டை கொடுத்தபோது விவசாயிகள் இதைக் கைவிட்டார்கள். 1980களின் இறுதியில் பரிந்துரைப் பட்டியலிலிருந்தும் இது நீக்கப்பட்டது. அதன் பிறகு விதை வணிகர்கள் சிலர் முன்வந்து, விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுத் தனியாகப் பயிரிடவைத்து, தூய விதையை மீட்டெடுத்தார்கள். சிறிய ஆலைகளும் வீட்டில் காய்ச்சுகிறவர்களும் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்ததால்தான் அந்த ரகம் இன்றும் வயலில் நிற்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் தேடிப் போய் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் நம் நாடு உள்ளே வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியே இந்தியாவுக்கு வெளிர் ஏலை அனுப்பிவந்தது. இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1820களில் அந்தச் சந்தைக்குள் நுழைந்தவர்கள் பர்ட்டன் ஆன் டிரென்ட் என்ற சிற்றூரின் ஆலைக்காரர்கள்: ஆல்சாப், பாஸ் முதலானோர். அவர்கள் கையில் ஹாட்ஜ்சனிடம் இல்லாத ஒன்று இருந்தது. பர்ட்டன் கிணறுகளின் தண்ணீர்! ஜிப்சம் படிவங்களின் ஊடாக ஊறி வரும் அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் சல்பேட் இருந்தது. சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கும்; கால்சியம் கலவையின் அமிலத்தன்மையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும்; பீர் தெளிந்து நிற்கும். லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீர் ‘போர்ட்டர்’ என்ற கருநிற பீருக்குத்தான் தோது. வேறு ஊர்க்காரர்களும் பிறகு தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலக்கத் தொடங்கினார்கள். அதற்கு ‘பர்ட்டனாக்கம்’ என்றே பெயர் விழுந்தது.

இன்றைக்கு மான்செஸ்டர் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்கிறார். குழாய்த் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஜிப்சம். நம் விவசாயிகள் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறார்களே, வேதியியலின்படி அதே சரக்கு. கூடவே சோடியம் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் போடுவார். அது தண்ணீரில் உள்ள குளோரினைப் போக்கிவிடும். போக்காவிட்டால் குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்குமே, அந்த வாடையைக் கொண்டுவரும். ஐந்து பைசா மாத்திரையை மறந்ததற்காக இருபது லிட்டரைச் சாக்கடையில் ஊற்றியவர்கள் உண்டு.

பாஸ் ஆலையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பிரிட்டனில் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1876 ஜனவரி 1 தேதியிட்டு முதல் எண்ணில் பதிவானது அவர்களுடைய சிவப்பு முக்கோணம். பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் முடித்த ‘ஃபோலீ பெர்ஜேர் மதுக்கூடம்’ ஓவியத்தில், மேசையின் இரு ஓரங்களிலும் அந்த முக்கோணப் புட்டிகளைப் பார்க்கலாம். சரி, தண்ணீர் கொதிக்கிறது, திரும்பிவிடலாம்.

கொதிக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஒன்பதரை லிட்டர் தண்ணீரை 74 டிகிரிக்குச் சூடாக்கி, பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் ஊற்றுகிறார். குளிர் வெளியேறாமல் காக்கச் செய்த பெட்டி சூட்டையும் அப்படியே காக்கும். உடைத்த தானியத்தைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறியதும், அறை வெப்பத்தில் இருந்த தானியம் சூட்டை வாங்கிக்கொண்டு, மொத்தமும் 66 டிகிரியில் வந்து நிற்கிறது. மூடியைப் போட்டு, மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்திவிடுகிறார். ஒரு மணி நேரம். இதற்கு ‘மாஷ்’ என்று பெயர்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. முளைவிட்ட பார்லியிலும் அமைலேஸ் இருக்கிறது, இரண்டு வகையாக. மாவுச்சத்தை ஒரு நீண்ட கரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து ஒரே அளவாகத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு வரும். ஆல்பா அமைலேஸ் கண்ட இடத்தில் வெட்டும். முன்னது 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பு. 70ஐத் தாண்டினால் சீக்கிரம் செத்துப்போகும். பின்னதற்கு 70 டிகிரிதான் உற்சாகம். 62 டிகிரியில் வைத்தால் எல்லாம் ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாகி, பீர் தண்ணீராக, வறண்டு போகும். 70இல் வைத்தால் ஈஸ்ட் தொடமுடியாத சர்க்கரை மிஞ்சி, பாயசம் மாதிரி கனக்கும். இரண்டு பேரும் சண்டையில்லாமல் வேலை செய்யும் இடம் 66, 67. 80 டிகிரியில் இரண்டும் முடிந்துவிடும்; பிறகு என்ன பாடுபட்டாலும் கிடைப்பது பார்லிக் கஞ்சி.

ஆக, பிட்டரை உண்டாக்குவது மனிதன் அல்ல, பார்லியேதான். தன் முளைக்கு உணவாக வேண்டும் என்று அது சேர்த்துவைத்த மாவை அதுவே சர்க்கரையாக்கிக்கொள்கிறது. காய்ச்சுகிறவர் செய்வது, அதற்குப் பிடித்த சூட்டை ஒரு மணி நேரம் காப்பாற்றிக் கொடுப்பது.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? பதம் பார்த்தார்கள். கொதித்த நீரின் ஆவி அடங்கி, எட்டிப் பார்ப்பவரின் முகம் தெளிவாகத் தெரியும்போது தானியத்தைக் கொட்டு என்பது பழைய வீட்டுப் பாடம். பாகில் கம்பிப் பதம் பார்ப்பதைப் போன்ற அறிவு அது. தப்பாமல் வரும், ஆனால் சொல்லிக்கொடுக்க முடியாது. லண்டனின் மைக்கேல் காம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட காய்ச்சும் கலை நூலில் தெர்மாமீட்டரை அந்தத் தொழிலின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பழைய ஆட்கள் முணுமுணுத்திருப்பார்கள். அதே தொழிலிலிருந்துதான் சால்ஃபோர்டு நகரின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் வந்தார். குடும்பத்துக்கு மதுபான ஆலை. வெப்பத்தின் மிகச் சிறு மாற்றத்தையும் அளப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் உலகறிந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஆற்றலின் அலகாக ‘ஜூல்’ என்று எழுதும்போது ஓர் ஆலைக்காரரின் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

பெட்டியைத் திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் வரிக் கதையைச் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது ரொட்டி சுடுவதைப் போல வீட்டு வேலையாகத்தான் தொடங்கியது. இடைக்காலத்தில் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. மிஞ்சியதை விற்ற பெண்ணுக்கு ‘ஏல்வைஃப்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருத்தன, மால்ட் மீதான வரியும் ஏறியது, வீட்டு அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளருக்கு இது பொறுக்கவில்லை. 1821, 1822 ஆண்டுகளில் ‘குடிசைப் பொருளாதாரம்’ என்ற பெயரில் கூலித் தொழிலாளர்களுக்கு அவர் எழுதிய சிறு வெளியீடுகளில் முதலில் எடுத்துக்கொண்ட பொருளே வீட்டில் பீர் காய்ச்சுவதுதான், ரொட்டிகூட அப்புறம்தான். அவருடைய கோபம் இரண்டின் மேல்: ஒன்று மால்ட் வரி, இன்னொன்று டீ. டீ உடம்பைக் கெடுக்கிறது, நேரத்தைத் தின்கிறது, சத்தில்லாதது என்று கணக்குப் போட்டு நிரூபிக்கப் பார்த்தார். முக்குக்கு முக்கு டீக்கடை இருக்கும் ஊரிலிருந்து படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் ஏழைக் குடும்பம் தன் கையால் செய்துகொண்டிருந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கவைத்துவிட்டார்களே என்று அவர் சொன்னது டீயோடு முடிகிற விஷயமல்ல.

1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்தார். காய்ச்சிய பீரின் மீது வரி போட்டார். வீட்டில் காய்ச்சவும் உரிமம் வாங்க வேண்டும் என்றானது. அந்த நிலை 83 ஆண்டுகள் நீடித்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், விற்காதவரை வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று பட்ஜெட்டில் அறிவித்தார். அமெரிக்காவில் இந்த அனுமதிக்கு 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் விலகியதும் கடைகளில் முதலில் வந்தவை டப்பாக்கள். கெட்டியான மால்ட் பாகு. தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்தால் பீர் மாதிரி ஒன்று கிடைக்கும். இன்ஸ்டன்ட் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் பெரிய ஆலைகள், பீப்பாயில் உயிரோடு இருக்கும் ஏலை விட்டுவிட்டு, வடிகட்டி, சூடுகாட்டி, காற்றடைத்த ‘கெக்’ பீருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1971இல் அயர்லாந்தின் மேற்குக் கோடியில், டன்குவின் என்ற ஊரின் பப்பில் விடுமுறைக்குப் போன நான்கு இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ‘காம்ரா’ என்று அறியப்பட்ட நுகர்வோர் அமைப்பு. பீப்பாய் ஏல் பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1974இல் மின்பொறியாளர் டேவ் லைன் எழுதிய ‘த பிக் புக் ஆஃப் புரூயிங்’ வந்தது. டப்பாவைத் தூக்கிப்போடு, தானியத்திலிருந்து தொடங்கு, அதற்கு ஆலை வேண்டாம், வாளியும் ஹீட்டரும் போதும் என்று படம் போட்டுக் காட்டிய புத்தகம். காபெட் கேட்டது நடந்துவிட்டது, நூற்றைம்பது ஆண்டு தாமதமாக.

மணி ஆகிவிட்டது. மூடியைத் திறந்தால் அடுப்படி முழுக்க ஹார்லிக்ஸ் மணம். மிகையல்ல, ஹார்லிக்ஸ் டப்பாவில் இருப்பதும் மால்ட் பார்லிதான். ஒரு சொட்டுச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் தொட்டுப் பார்க்கிறார். நீலமாகவில்லை. பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்த அதே சோதனை, தலைகீழாக: மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, கலங்கலாக வரும் முதல் இரண்டு குவளையைத் திரும்ப மேலேயே ஊற்றுகிறார். உமிப் படுகை தானே சல்லடையாகி, சாறு தெளிந்து தேன் நிறத்தில் இறங்குகிறது. 76 டிகிரித் தண்ணீரை மேலே தூவித் தூவி மிச்ச இனிப்பையும் கழுவி எடுக்கிறார். அதைவிடச் சூடானால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். எஞ்சிய சக்கை கோழிக்கு அல்லது உரக்குழிக்கு.

‘வோர்ட்’ எனப்படும் இந்தச் சாறு, வடியும் குழாய் வரைக்கும் வெறும் சர்க்கரைத் தண்ணீர். பீராக்குவது ஹாப்ஸ். சணல் கயிற்றைப் பிடித்து ஏறும் ஒரு கொடியின் பூ. பச்சைத் தாளில் செய்த சிறு கூம்பு போல இருக்கும். கஞ்சாச் செடியின் குடும்பம்தான், அந்த மயக்கம் மட்டும் கிடையாது. ஒரு பூவைப் பிளந்தால் இதழடியில் மஞ்சள் பொடி தெரியும். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், மணம் மண்ணும் எலுமிச்சையுமாக எழும். கசப்பு முழுவதும் அந்தப் பொடியில்தான்.

கென்ட் மாவட்டம் ஹாப்ஸுக்குப் பேர் போனது. பிட்டருக்கு உரிய இரண்டு பழைய ரகங்களான கோல்டிங்ஸ், ஃபகிள் இரண்டும் அந்த மண்ணோடு சேர்த்தே பேசப்படுபவை. செப்டம்பர் வந்தால் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு ரயிலேறி, ஹாப்ஸ் பறிக்கப் போய்விடும். அவர்களுக்கு விடுமுறையும் அதுதான், கூலியும் அதுதான். 1931இல் ஜார்ஜ் ஆர்வெல் அவர்களோடு சேர்ந்து பறிக்கப் போனார். கூலி எவ்வளவு குறைவு, காம்பு முள் கையை எப்படிக் கிழிக்கும் என்று எழுதியும் வைத்தார். 1935இல் வந்த ‘எ கிளெர்ஜிமேன்ஸ் டாட்டர்’ நாவலில் அந்த அனுபவம் இருக்கிறது. பின்னர் இயந்திரங்கள் வந்து, அந்தச் செப்டம்பர் ரயில்கள் நின்றுபோயின.

நம் வீட்டுக்காரர் கொதிக்கும் வோர்ட்டில் 50 கிராம் கோல்டிங்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுகிறார். ஹாப்ஸின் ஆல்பா அமிலங்கள் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறிக் கசப்பாவதற்கு இந்தக் கொதி தேவை. ஆனால் இதே ஒரு மணி நேரத்தில் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னும் 20 கிராம். ரசம் இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிற அதே நியாயம். வீட்டில் நாய் இருந்தால் கொதித்த ஹாப்ஸ் சக்கையை அதன் வாய்க்கு எட்டாத இடத்தில் கொட்ட வேண்டும். நாய்க்கு அது உயிர் போக்கும் நஞ்சு.

இனிமேல் சுத்தம்தான் எல்லாம். கொதி அடங்கியதும், செப்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கிக் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அரை மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறார். தாமதித்தால் காற்றில் இருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும். மூடியுள்ள வாளிக்கு மாற்றி, ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தூவுகிறார்.

அதற்கு முன் ஒரு காரியம். கிராமத்துப் பால் சொசைட்டியில் பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு எண் படிப்பார்கள். அதே தத்துவத்தில் ஹைட்ரோமீட்டரை வோர்ட்டில் மிதக்கவிடுகிறார். 1.040. தண்ணீரைவிட ஆயிரத்துக்கு நாற்பது பங்கு கனம்; அவ்வளவும் பெரும்பாலும் சர்க்கரை. இந்தக் கருவியைக் காய்ச்சும் தொழிலுக்குள் கொண்டுவந்த ஜான் ரிச்சர்ட்சனின் நூல் 1784இல் வந்தது. ஒரு மூட்டை மால்ட்டில் எத்தனை சர்க்கரை தேறுகிறது என்பதை எண்ணாகக் காட்டியதால், ஆலைகள் எந்த மால்ட் லாபம், எது நட்டம் என்று கண்டுகொண்டன. சுவையைப் பற்றிய தீர்ப்பு நாக்கிலிருந்து கணக்கருக்கு மாறியது அப்போதுதான் என்றும் சொல்லலாம்.

மறுநாள் காலை வாளிக்குள் எட்டிப் பார்த்தால், தோசை மாவு பொங்கிய பானை. ஏல் ஈஸ்ட் மேலே பொங்கி நுரைக்கும் வகை. 18 முதல் 20 டிகிரி அதற்கு உகந்தது. இங்கிலாந்து வீடுகளில் ஒரு மூலையில் வைத்தாலே போதும். லாகர் வகை பீருக்கு 10 டிகிரி போல வேண்டும், அதற்குத் தனிக் குளிர்பெட்டி தேவை. சென்னையின் மே மாதம் போல 32 டிகிரியில் விட்டால் ஏல் ஈஸ்ட்டுக்குத் தலைகால் புரியாது. வார்னிஷ் நாற்றமும் மறுநாள் தலைவலியும்தான் மிச்சம். நான்கைந்து நாளில் பொங்கல் அடங்கும். ஹைட்ரோமீட்டர் இப்போது 1.010 காட்டுகிறது. நாற்பதில் பத்துப் போக முப்பது, அதை 0.131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 3.9 விழுக்காடு.

ஈஸ்ட் ஓர் உயிர் என்பதையே ஆலைக்காரர்கள் வெகுகாலம் அறியவில்லை. 1871இல் லூயி பாஸ்டர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதை அங்கேயே காட்டினார். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது ஆலை சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டிருந்தது. ஐந்து ஆண்டு கழித்து பீரைப் பற்றித் தனி நூலே எழுதினார் பாஸ்டர்.

புட்டியில் அடைப்பது கடைசி வேலை. 21 லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து அடைத்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, பிட்டருக்குப் போதுமான மெல்லிய காற்றை உள்ளேயே உண்டாக்கும். ஆசைப்பட்டு அளவுக்கு மீறிப் போட்டவர்கள், நடுராத்திரியில் புட்டி வெடிக்கும் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்ததுண்டு. புட்டி பழுப்பாக இருக்க வேண்டும். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தோடு உறவுள்ள வாடை வந்துவிடும். இரண்டு வாரம் இருட்டில். அப்புறம் திறக்கலாம். லண்டன் பிரைட், டிமோத்தி டெய்லரின் லேண்ட்லார்ட் போன்ற பேர்பெற்ற பிட்டர்களுக்குப் பக்கத்தில் வைத்து ருசி பார்த்து, தன்னுடையதுதான் உசத்தி என்று சொல்லாத வீட்டுக்காரர் அரிது. அதைப் பக்கத்து வீட்டாரும் ஒப்புக்கொள்ளும் நாள்களும் உண்டு.

இதைக் கேட்டுவிட்டுப் பார்லி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்; வீட்டு உபயோகத்துக்குத்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கே மாட்லிங் யாரும் வரவில்லை.

ஆனால் இந்தக் கதையின் நடுப்பகுதியை நீங்கள் இன்று இரவே வீட்டில் பார்க்கலாம், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. பச்சரிசி மாவில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். இறக்கிவைத்து, விரலை ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு வரும்வரை ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 65 டிகிரி. அதில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறி மூடிவையுங்கள். மாவு நிழலிலோ வெயிலிலோ காய்ந்ததாக இருக்க வேண்டும்; கடையில் வறுத்து விற்பது உதவாது, வறுக்கும்போதே நொதி செத்திருக்கும். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியைத் தூக்குங்கள். கஞ்சி தண்ணீராக வழியும்.